ஊர் பார்க்க ஒரு நர்ஸ் வேலை

ஆன்சைட்டில் ஃப்ராங்ஃபர்ட் போய் எட்டு மாசம் ஆணி புடுங்கினேன். சம்பளத்தில் பாதி வீட்டுக்கு, மீதி ரயில் டிக்கெட்டுக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆச்சுன்னா முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிடுவேன்.

தங்கியிருந்த தெருவில் ஒரு ஆசியக் கடை. (கொத்தமல்லி அங்கேதான் கிடைக்கும்.) கல்லாவில் ஒரு கொரியப் பாட்டி, வயசு எண்பதை நெருங்கும். என் அரைகுறை ஜெர்மனைக் கேட்டு சிரிப்பார். "நீங்க எப்படி இந்த ஊருக்கு வந்தீங்க?"ன்னு ஒருநாள் கேட்டேன். "நர்ஸா வந்தேன். சம்பாதிக்கவும் வந்தேன், ஊர் பார்க்கவும் வந்தேன்" என்றார்.

கொரியாவிலிருந்து ஜெர்மனிக்கு நர்ஸா? ராத்திரி ரூமுக்கு வந்து தேட உட்கார்ந்தால், பெரிய கதையாக விரிந்தது.

1953இல் போர் நின்றபோது தென்கொரியா பரம ஏழை நாடு. சாம்சங்கும் ஹூண்டாயும் உலகத்துக்குத் தெரியாத காலம். மேற்கு ஜெர்மனியில் நிலைமை தலைகீழ்: தொழிற்சாலைகள் ஓடுகின்றன, ஆள் இல்லை. கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தவர்களையும் 1961இல் எழும்பிய பெர்லின் சுவர் தடுத்துவிட்டது. ஆஸ்பத்திரிகளில் காலங்காலமாக நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட கன்னியாஸ்திரிகளின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வந்தது.

முதலில் 1963 கடைசியில் கொரிய ஆண்கள் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். அடுத்து நர்ஸுகள். மைன்ஸ் நகரில் இருந்த லீ சு-கில் என்ற கொரிய டாக்டரின் முயற்சியில், 1966 ஜனவரியில் 128 பேர் ஃப்ராங்ஃபர்ட்டில் வந்து இறங்கினார்கள். அடுத்த பத்து வருஷத்தில் மொத்தம் பத்தாயிரத்துக்கும் மேல். ஒப்பந்தம் மூணு வருஷம்.

இதில் என்னை உட்கார வைத்த விஷயம் ஒன்று உண்டு. சாதாரண கொரியர்கள் சுற்றுலாவுக்கென்று வெளிநாடு போக முழு அனுமதி கிடைத்தது 1989இல்தான்! அதற்கு முன்னால் காசு இருந்தால்கூட, பாரிஸ் பார்க்கணும் என்று பாஸ்போர்ட் கேட்க முடியாது. இருபது வயசுப் பெண்ணுக்கு உலகத்தைப் பார்க்க இருந்த ஒருசில கதவுகளில் இந்த நர்ஸ் ஒப்பந்தமும் ஒன்று. பலர் தம்பி படிப்புக்கும் அப்பா கடனுக்கும்தான் போனார்கள், மறுக்கவில்லை. ஆனால் "குடும்பத்துக்காகத் தியாகம் செய்த பெண்கள்" என்று மட்டும் எழுதினால், பாட்டி சொன்ன இரண்டாவது பாதி விட்டுப்போகிறது.

வேலை சொகுசு இல்லை. கொரியாவில் நோயாளியைக் குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது எல்லாம் கூட இருக்கும் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் (நம்ம ஜி.ஹெச் மாதிரியேதான்). ஜெர்மனியில் அதுவும் நர்ஸ் வேலை. ஊசி போடப் படித்து வந்தவர்கள் கையில் பெட்பேனைக் கொடுத்தால் எப்படி இருக்கும்! மொழியும் தெரியாது. அதிலும் சிலர் புதுப் பாதை போட்டார்கள். 1972இல் நர்ஸ் உதவியாளராக வந்த சாங் ஹ்யுன்-சூக், பிறகு ஹாம்பர்க்கில் ஓவியம் படித்து, பேர் சொல்லும் ஓவியராகிவிட்டார். இன்னும் சிலர் ஜெர்மனியைப் படிக்கட்டாக்கி அமெரிக்கா, கனடா என்று போனார்கள்.

இதே காலத்தில் கேரளாவிலிருந்தும் கத்தோலிக்க சபைகள் மூலமாக நிறையப் பெண்கள் ஜெர்மனி ஆஸ்பத்திரிகளுக்கு வந்தார்கள். அது தனிப் பதிவுக்கான மேட்டர்.

ஒரு கட்டுக்கதையையும் உடைத்துவிடுகிறேன். இவர்களுடைய சம்பளத்தை அடமானம் வைத்துத்தான் கொரியா ஜெர்மனியிடம் கடன் வாங்கியது என்று ரொம்ப நாள் பேச்சு. கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் விசாரித்து, அப்படி அடமானம் எதுவும் இல்லை என்று 2008இல் சொல்லிவிட்டது. அவர்கள் ஊருக்கு அனுப்பிய பணம் உதவியது நிஜம். அடமானம் பொய்.

க்ளைமாக்ஸுக்கு வருவோம். 1973 எண்ணெய் நெருக்கடி. வெளிநாட்டு ஆள் எடுப்பதை ஜெர்மனி நிறுத்தியது. 1977 வாக்கில் சில மாநிலங்களில் "ஒப்பந்தம் முடிந்தது, கிளம்புங்க" என்றார்கள். கறிவேப்பிலை கதைதான். ஆனால் இவர்கள் பெட்டி கட்டவில்லை. கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள், தெருவில் நின்று நியாயம் கேட்டார்கள். உங்களுக்குத் தேவை என்றபோது வந்தோம், போவதை நாங்கள் முடிவு செய்கிறோம் என்பதுதான் வாதத்தின் சாரம். ஜெர்மன்காரர்களும் ஆதரவாகக் கையெழுத்துப் போட்டார்கள். 1978இல், பல வருஷம் வேலை பார்த்தவர்கள் தொடர்ந்து தங்கும் உரிமையை வாங்கியேவிட்டார்கள்.

பாட்டியிடம் இதைக் கேட்டேன். "நானும் கையெழுத்து வாங்க அலைஞ்சேன். ஊர் சுத்திப் பழகின காலாச்சே!" என்றார்.

அடுத்த மாசமே என் ப்ராஜெக்ட்டை மூடினார்கள். ரெண்டு வாரம் டைம். எதிர்த்து ஒரு மெயில்கூடப் போடாமல் பெட்டி கட்டினேன். கிளம்பும் நாள் கடைக்குப் போனேன், பூட்டியிருந்தது. சொல்லிக்கொள்ளாமலே வந்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

உங்கள் வீட்டிலும் நர்ஸாக வெளிநாடு போன அத்தையோ அக்காவோ இருப்பாங்க. எவ்வளவு பணம் அனுப்பினாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். எந்தெந்த ஊர் பார்த்தாங்கன்னு கேட்டிருக்கோமா? கேட்டுட்டு வந்து சொல்லுங்க மக்களே.