கேட்கப்படாத கேள்வி: தோட்ட வைத்தியமும் புகையிலையும்

மலையகத் தோட்ட வைத்தியத்தின் வரலாற்றை ஆராய்வோர் 1872 ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டத்திலிருந்து தொடங்குவது வழக்கம். கோப்பித் தோட்டங்களிலே தொழிலாளர் பெருந்தொகையாக மடிந்த சூழலில் இயற்றப்பட்ட சட்டம் அது. 1912 இல் வந்த சட்டங்கள் தோட்ட முகாமையின் பொறுப்பை மேலும் வரையறுத்தன. 1916 இல் றொக்பெல்லர் மன்றத்தினர் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தோட்டங்களில் ஆரம்பித்தனர். இம்முயற்சிகளின் பயனை மறுப்பதற்கில்லை. ஆயினும் இவற்றினூடே ஓடும் அளவுகோல் கவனிக்கத்தக்கது. பெரட்டுக்களத்தில் பேர் குறைந்தால் அது நோய்; குறையாவிடின் அது நோயன்று. கொக்கிப்புழு உழைப்புச் சக்தியை உறிஞ்சியது. ஆகவே மூலதனத்தின் கவனத்தைப் பெற்றது. புகையிலையோ பசியைச் சற்றே மழுங்கச்செய்து தொழிலாளியை மலையில் நிறுத்திவைத்தது. அதன் விலை இருபது முப்பது ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் அவர் செக்றோலிலிருந்து நீங்கிய பின்னரே அறவிடப்பட்டது. பீடியையும் வெற்றிலையோடு மெல்லும் புகையிலையையும் பற்றித் தோட்ட வைத்தியம் நெடுங்காலம் வாய்திறவாதிருந்ததற்கு இதுவே முதற்காரணம் என்பது எமது கருத்து.

வைத்திய அறிவு மலையேறி வரவில்லை என்று இதற்குச் சமாதானம் கூறமுடியாது. வந்தது, உலகப்புகழ் பெற்ற ஓர் ஆய்வாகவே வந்தது. பூண்டுலோயாவை அடுத்த டன்சினன், ஹரோ தோட்டங்களில் 14 முதல் 31 வயதுவரையான 480 ஆண் தொழிலாளரை 1970 இல் நோர்வே அறிஞர் ஹரால்ட் லோவும் அவர்தம் குழுவினரும் பரிசோதித்தனர். பல்முரசு நோய், சிகிச்சை எதுவுமின்றி விடப்படின் எவ்வாறு வளரும் என்பதை அறிவதே நோக்கம். ஒப்பீட்டுக்கு ஒஸ்லோ நகரின் 565 மாணவரும் கல்விமான்களும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இவர்கள் சிறுவயது முதலே பல்வைத்திய வசதியைப் பெற்றவர்கள். தோட்டத்து ஆண்களை ஆய்வாளர் 1985 வரை பலமுறை வந்து பார்த்தனர். அவர்களுள் எட்டு வீதத்தினருக்கு நோய் விரைந்தும், 81 வீதத்தினருக்கு மிதமாகவும் வளர்ந்ததென 1986 இல் அறிவிக்கப்பட்டது. இம்முடிவு பல்வைத்தியப் பாடநூல்களில் இடம்பெற்றது. 2010 இல், தேடிக் கண்டு மீளப் பரிசோதிக்கப்பட்டோர் 75 பேர். நாற்பது ஆண்டுகளில் அவர்கள் சராசரியாகப் பதின்மூன்று பற்களை இழந்திருந்தனர்; பன்னிருவருக்கு ஒரு பல்லேனும் எஞ்சவில்லை. நோயின் தொடக்கத்தோடு பற்காறையும் புகைத்தலும் தொடர்புடையன என 2017 இல் வெளியான பகுப்பாய்வு காட்டிற்று.

அறிவியல் இவ்வாய்வுக்குக் கடமைப்பட்டிருக்கலாம். இங்கு நாம் நோக்குவது வேறொன்று. தொழிலாளியின் வாய்க்குள் அத்தனை முறை விளக்கொளி பாய்ச்சப்பட்டது கவனிப்பதற்காகவே; தலையிடுவதற்கன்று.

அதே பதினைந்து ஆண்டுகளுக்குள் லண்டனில் மற்றோர் ஆய்வு நிகழ்ந்தது. 28 குடும்ப வைத்தியர்களிடம் வந்த 2138 புகைப்போரைக் கொண்டு மைக்கல் றசல் குழுவினர் 1979 இல் வெளியிட்ட முடிவு எளிமையானது. வைத்தியர் ஓரிரு நிமிடம் அறிவுரை கூறி, ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்து, பின்னர் விசாரிப்போம் என்றும் சொல்லிவைத்த பிரிவில் 5.1 வீதத்தினர் ஓராண்டுவரை புகைக்காதிருந்தனர். எதுவும் கூறப்படாத பிரிவில் அவ்வாறிருந்தோர் 0.3 வீதம். ஐந்து வீதம் அற்பமெனத் தோன்றலாம். ஆனால் அதற்குச் செலவானது ஓரிரு நிமிடமே.

அவசர சிகிச்சைப் பிரிவில் இம்முறை செல்லுமா? அமெரிக்காவின் நியூ ஹேவன் நகர வைத்தியசாலையொன்றில் குறைந்த வருமானமுடைய 778 நோயாளரிடம் இது சோதிக்கப்பட்டது. முடிவு 2015 இல் வெளியாயிற்று. சிறு உரையாடல், ஆறு வாரத்துக்கான நிக்கொட்டின் ஒட்டும் மெல்லுகோந்தும், சில நாட்களின் பின் ஒரு தொலைபேசி அழைப்பு. முதல் ஒட்டு அங்கேயே இடப்பட்டது. மூன்று மாதத்தில் விட்டோர் 12.2 வீதம், ஏனையோருள் 4.9 வீதம். நெஞ்சுநோவோடும் மூச்சுத்திணறலோடும் வந்தவர் கட்டிலிற் கிடக்கும் அவ்வேளையில் வேறெப்போதையும்விடச் செவிசாய்ப்பார் என்பது இதன் அடிப்படை.

டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையின் 150 கட்டில்களைக் கொண்ட புதிய கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் தோட்ட லொறியில் ஏற்றிவரப்பட்ட நோயாளி இன்று ஓரளவு வசதியான வாயிலை அடைகிறார். வாயிலில் அவரிடம் என்ன கேட்கப்படுகிறது, எந்த மொழியில் கேட்கப்படுகிறது என்பதே பிரச்சினை. றசலின் ஓரிரு நிமிடம் நோயாளியின் தாய்மொழியில் அமைந்த நிமிடம். மொழிபெயர்க்க ஒருவரைத் தேடவேண்டிய இடத்தில் முதலில் கைவிடப்படுவது இத்தகைய பேச்சுத்தான். ஊசி ஏற்றுவதற்கு அதிகம் பேசவேண்டியதில்லை.

சட்டம் இல்லையென்று சொல்லமுடியாது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசார தேசிய அதிகாரசபையை நிறுவியது. 21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்பதையும் தடைசெய்தது. புகைத்தலைக் கைவிட விழைவோருக்கு ஆலோசனை கூறும் தொலைபேசி இலக்கம் 1948. பிரசாவுரிமையை இழந்த ஆண்டாகவே அவ்வெண்ணை நினைவில் வைத்திருக்கும் மக்களுக்கு அதை மறப்பது கடினம். பயன்படுத்துவது வேறு விடயம். வீடு திரும்பியவரைச் சில நாட்களில் விசாரிக்க ஆள்வேண்டும். தோட்ட வைத்திய உதவியாளரும் குடும்பநல உத்தியோகத்தரும் லயத்து வாசல்வரை செல்பவர்கள். வைத்தியசாலையிலிருந்து அவர்களுக்கு ஒரு துண்டு சென்றாலே போதுமானது.

அத்துண்டை எழுதுவோர் இன்னொன்றையும் மனங்கொள்ளல் வேண்டும். “புகைப்பீர்களா?” என்று மட்டும் கேட்டால், கொழுந்துக்கூடையோடு இடுப்பிலே வெற்றிலைப் பையும் செருகி மலையேறும் பெண், “இல்லை” என்றே உண்மையாகப் பதிலளிப்பாள்.