தரிசு என்று எழுதிய மண்

போன ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் சோளிங்கரில் இருந்து ஒரு நண்பர் போன் செய்தார். "மலை மொட்டையா கீது, ஆயிரம் கன்னு நடலாம்னு பசங்க கெளம்பியிருக்காங்க. குழிக்கு இவ்ளோன்னு வசூல் பண்றோம். நீ எவ்ளோ போட்டுக்கறே?" நல்ல காரியம்தான். ஆனாலும் உடனே பணம் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், அவரோடு ஒரு கரட்டில் ஏறி, ஒரு குழியை நானே தோண்டிப் பார்த்தேன். இந்தக் கட்டுரை அந்தக் குழியில் இருந்துதான் தொடங்குகிறது.

ஒரு சாண் ஆழம்கூடப் போகவில்லை, கடப்பாரை 'ணங்' என்றது. கீழே ஒரே பாறை. மேலே இருந்த செம்மண்ணில் பாதிக்குப் பாதி சரளைக்கல். இரண்டு நாள் முன்பு பெய்த மழைத்தண்ணீர் குழிக்குள் மெதுவாக ஊறி நின்றது. "சரிவுல எப்படிப்பா தண்ணி நிக்குது?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி.

மலை என்றாலே தண்ணீர் ஓடிவிடும் என்று நினைக்கிறோம். மேலே ஓடுவது ஓடத்தான் செய்யும். மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் மட்டும் பிளவில்லாத பாறையைத் தொட்டதும் போக வழியில்லாமல் நின்றுவிடும். பாறை குழிந்த இடங்களில் அது தட்டில் ஊற்றிய ரசம் மாதிரி தேங்கும். அதனால் இந்த மாதிரி மண் மழைக்காலத்தில் நாலு நாள் சேறாக இருக்கும், பங்குனியில் ஓடு மாதிரி காய்ந்துவிடும். ஆழமாக வேர்விட வேண்டிய மரக்கன்றுக்கு இரண்டுமே ஆகாது. முதலில் வேர் அழுகும், அதில் பிழைத்தால் பிறகு காயும்.

வருவாய்த்துறைக் கணக்கில் இப்படிப்பட்ட நிலத்துக்கு இருக்கிற சொற்கள் தரிசு, கரடு, மலைப் புறம்போக்கு. எதுவும் விளையாது, வரி வராது என்று பொருள். ஆனால் இதே ஊரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வேறு ஒரு கணக்கும் இருந்திருக்கிறது. முதலாம் பராந்தக சோழனின் 9ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று சோளிங்கரில் உண்டு. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கம். சோழனிடம் பாணாதிராசன் என்ற பட்டம் பெற்ற கங்க அரசன் இரண்டாம் பிருதிவீபதியைப் பற்றியது. அதில் ஓர் ஏரியின் பெயர் வருகிறது: சோழவாரிதி. வாரிதி என்றால் கடல். வானம் பார்த்த ஊரில் ஒரு ஏரிக்குக் கடல் என்று பேர் வைக்கிற தைரியம் எங்கிருந்து வந்திருக்கும்? சுற்றிலும் உள்ள குன்றுகளைப் பாருங்கள். தண்ணீர் குடிக்காத பாறை, பெய்ததில் பெரும்பகுதியைக் கீழே தள்ளிவிடுகிறது. மலையில் இது மண்ணின் குறை. கீழே அதுவே ஏரியின் வரவு.

அந்தக் கரடு 'மொட்டை'யும் இல்லை. என் குழியைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஆவாரம் பூத்துக் கிடந்தது. பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற அதே ஆவாரம்தான். ஆடு விரும்பித் தின்னாத செடி. வெட்டினால் அடியில் இருந்து மறுபடி துளிர்க்கும். சரளையும் பாறையிடுக்கும் இதற்குப் போதும்.

என் பாட்டி கல்யாணமான புதிதில் ஆவாரம்பட்டை எடுக்கப் போனவர். குச்சிகளை வெட்டிவந்து, கட்டையால் அடித்து, பட்டையைத் தளர்த்தி உரிக்க வேண்டும். "கத்தி பட்டா கையெல்லாம் மை பூசின மாதிரி கறுத்துப் பூடும்டா, சோறு துன்னக்கூட கூசும்" என்று சொல்லுவார். பட்டையில் உள்ள துவர்ப்பும் கத்தியின் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. அந்தக் காலத்தில் எழுதும் மையையே இந்த முறையில்தான் செய்தார்கள். இதே துவர்ப்புதான் ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் அழுகாமல் பதப்படுத்தும். தோலில் உள்ள புரதத்தோடு அது இறுகப் பிணைந்துகொள்வதால், அழுகவைக்கும் நுண்ணுயிர்களால் எளிதில் அதைப் பிரிக்க முடியாது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஷாப்புகளின் தொழில் வளர்ந்தது இந்தப் பட்டையை வைத்துத்தான். தோலை வாரக்கணக்கில் பட்டைத்தண்ணீர்க் குழியில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய்த் தண்ணீர் காட்டுவார்கள். 1856இல் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அந்தப் பாதை பாணாவரம் வழியாகப் போகிறது. சோளிங்கர் ஸ்டேஷன் என்று இன்று பலகை வைத்திருப்பதும் அங்கேதான். கரட்டுப் பட்டையில் பதமான தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு இந்தத் தோல் தேவைப்பட்டு, அந்த வணிகத்தையே அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. 'எதுவும் விளையாது' என்று கணக்கில் எழுதிய மண்ணின் விளைச்சல் இது.

தேவை ஏறியதும் ஆவாரம் போதவில்லை. வாட்டில் என்ற ஆஸ்திரேலிய மரத்தின் பட்டை தென்னாப்பிரிக்காவில் இருந்து வர ஆரம்பித்தது. அதில் துவர்ப்பு ஆவாரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1946இல் நிறவெறியைக் கண்டித்து இந்தியா அந்த நாட்டோடு வணிகத்தை நிறுத்தியது. வெளியே வாங்குவதைவிட நம்ம மலையிலேயே வளர்த்துவிடலாமே என்ற எண்ணம் சுதந்திரத்துக்குப் பிறகு வலுத்தது. நீலகிரியிலும் பழனி மலையிலும் வாட்டில் காடுகள் பெருகின. எந்த நிலத்தில் நட்டார்கள்? பெரும்பாலும் உச்சிப் புல்வெளிகளில். ஏன்? அது 'சும்மா கிடந்த' நிலம்.

சில வருஷம் முன்பு அவலாஞ்சிப் பக்கம் போனபோது அந்த 'சும்மா கிடக்கும்' நிலத்தில் கால் வைத்தேன். முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. மேலே சரிவில் பாறைகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. மடிப்புகளில் குட்டையான சோலை மரங்கள். அடியில், இரண்டு சரிவும் சேரும் இடத்தில், பச்சைப்பசேலென்று ஒரு சதுப்பு. கையை விட்டு அள்ளினால் கறுப்பாக, நார்நாராக, அழுகின முட்டை வாசனையோடு வந்தது. இன்னும் கீழே சாம்பல் நிறக் களிமண்.

அந்தச் சாம்பல் நிறத்தைக் கொஞ்சம் கவனிக்கணும். நம் மண் சிவப்பாக இருப்பது அதில் உள்ள இரும்பு துருப்பிடித்திருப்பதால். துருப்பிடிக்கக் காற்று வேண்டும். மாதக்கணக்கில் தண்ணீர் நின்றால் காற்று தீர்ந்துபோகும். அப்போது நுண்ணுயிர்கள் அந்தத் துருவையே பயன்படுத்தத் தொடங்கும். இரும்பு கரைந்து நகர்ந்துவிட, மண் வெளிறிச் சாம்பலாகிவிடும். புல்லின் வேர் வழியாகக் கொஞ்சம் காற்று இறங்கும் இடத்தில் மட்டும் துருப்பொட்டு தெரியும். வடியாத மண்ணைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு மண்வெட்டியும் இரண்டு கண்ணும் போதும்.

குளிர், இரண்டு பருவமழை, கீழே களியும் பாறையும். இந்த மூன்றும் சேர்ந்தால் செத்த புல் முழுதாக மக்காது. அது வருஷத்துக்கு வருஷம் படிந்துகொண்டே போகும். கரி மாதிரி இருக்கும் இந்தப் படிவத்தை முற்றா நிலக்கரி என்கிறார்கள். ஒருவகையில் சதுப்பும் ஒரு தோல் ஷாப்தான்! இதைச் சும்மா சொல்லவில்லை. டென்மார்க்கில் 1950இல் ஒரு சதுப்பைத் தோண்டியவர்கள் ஒரு மனிதனின் உடலைக் கண்டார்கள். புதுக் கொலை என்று நினைத்துப் போலீசுக்குச் சொன்னார்கள். அவன் செத்து 2,000 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சதுப்புப் பாசியின் அமிலச்சாறு அவன் தோலைப் பதனிட்டு வைத்திருந்தது. நீலகிரிச் சதுப்பில் பெரும்பாலும் புல்லும் கோரையும்தான், அந்தப் பாசி அல்ல. ஆனால் காற்றில்லாமல் காப்பாற்றும் வேலை ஒன்றுதான்.

அது காப்பாற்றி வைத்தது ஒரு பெரிய ஆவணம். 1993இல் ஆர். சுகுமாரும் சக ஆய்வாளர்களும் நீலகிரியின் இந்தப் படிவத்தில் உள்ள கார்பனை ஆராய்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். புல்லும் மரமும் கார்பனில் வெவ்வேறு அடையாளம் விடும். அதை வைத்து ஏறக்குறைய 20,000 வருஷத்துக் கதையைப் படித்தார்கள். காலநிலை மாற மாற, அங்கே புல்லும் காடும் மாறி மாறி ஓங்கியிருக்கின்றன. அதாவது அந்தப் புல்வெளி, யாரோ காட்டை வெட்டியதால் உண்டான மொட்டை அல்ல. அது அந்த மண்ணுக்கே உரிய பழைய குடி.

அங்கேதான் வாட்டிலை நட்டோம். புல்லைவிட அதிகம் தண்ணீர் இழுக்கிற மரம் அது. மெதுவாகக் கசிந்து ஓடைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சதுப்புகளின் வரவில் அது கை வைத்தது. அந்த ஓடைகள்தான் குந்தா மின்திட்ட அணைகளுக்கும், அதற்குக் கீழே பவானிக்கும் போகின்றன. பழனி மலையில் நாற்பது வருஷத்தில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது.

இதில் பெரிய வேதனை வேறு. மலையில் மரம் வளர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே கீழே தொழில் மாறிவிட்டது. சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அறிமுகப்படுத்திய குரோம் முறை, 1970களில் ஏற்றுமதிக் கொள்கை மாறிய பிறகு வேகமாகப் பரவியது. பட்டைக்கு வாரங்கள் தேவைப்பட்ட இடத்தில் குரோமுக்கு ஒரு நாளே அதிகம். வாட்டிலுக்கான கிராக்கி விழுந்தது. மரம் விழவில்லை. வெட்ட வெட்ட முளைத்தது, விதை போட்டுப் பரவியது. கீழே குரோமும் உப்பும் பாலாற்றுக்குப் போயின. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கின் தீர்ப்பில், தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதைப் பதிவு செய்தது. தரிசு என்று சொன்ன மண்ணை 'உருப்படியாக்க'ப் போய், விளைந்த மண்ணையும் தரிசாக்கினோம்.

வேலூர்க்காரனாக எனக்கு இதில் ஒரு கூச்சம் உண்டு. எங்கள் வீடுகளில் அடுப்பு எரிந்ததே தோலால்தான். தொழிலைத் திட்டிவிட்டு நகர்ந்துவிட என்னால் முடியாது. ஆனால் சதுப்பையோ கரட்டையோ கொஞ்சம் தோண்டிப் பார்த்துவிட்டு முடிவெடுத்திருக்கலாம். 2022இல் தமிழக அரசு அந்நியக் களைத் தாவரங்களை அகற்றுவதற்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. இப்போது காசு கொடுத்து வாட்டிலைப் பிடுங்குகிறோம்.

கரட்டில் இருந்து இறங்கும்போது நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ நடவே வேணாங்கிறியா?" என்றார் கொஞ்சம் கோபமாக. நடலாம். மண் ஆழம் இருக்கிற ஏரிக்கரையில் புங்கன், மருது, பனை நடலாம். ஏரிக்கு வருகிற கால்வாய்களில் அடைத்திருக்கும் குப்பையை வாரலாம். கரட்டை ஆவாரத்துக்கு விட்டுவிடலாம்.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, கால்வாய் வாரறதுக்கு எவ்ளோ குடுக்கறே?" என்றார். அந்தப் பணத்தை அன்றைக்கே கொடுத்துவிட்டேன்.