ஒரே வகுப்பில் நடிகரும் இயக்குநரும்: செர்கேய் கெராசிமோவின் கற்பித்தல் முறை

திரைப்பட ஆசிரியர் ஒருவரின் பெருமையை அவருடைய மாணவர் பட்டியலைக் கொண்டு அளப்பது வழக்கமாகிவிட்டது. மாஸ்கோவின் வ்கிக் திரைப்படக் கல்லூரியில் 1944 முதல் கற்பித்த செர்கேய் கெராசிமோவின் பட்டியல் நீளமானது: செர்கேய் பந்தார்ச்சுக், இன்னா மக்காரோவா, லெவ் குலிஜானவ், லுத்மிலா குர்ச்சென்கோ, கிரா முராட்டோவா. ஆனால், சலித்தெடுத்து மாணவரைச் சேர்க்கும் ஒரு கல்லூரியில் இப்பட்டியல் ஆசிரியரின் திறத்தை மட்டுமே காட்டுவதாகக் கொள்ள முடியாது. நடிப்பு மாணவரையும் இயக்க மாணவரையும் ஒரே பட்டறையில் அமர்த்திய ஏற்பாட்டில்தான் அவருடைய உண்மையான பங்களிப்பு இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த ஏற்பாட்டின் வேர் அவருடைய சொந்த அனுபவத்தில் உள்ளது. கோஸின்செவும் டிராவ்பெர்கும் லெனின்கிராதில் நடத்திய ‘ஃபெக்ஸ்’ குழுவில்தான் அவர் பயின்றார். சர்க்கஸ் வித்தையும் உடற்பயிற்சியுமே அங்கே நடிப்புப் பாடம். ‘புதிய பாபிலோன்’ (1929) போன்ற ஊமைப்படங்களில் நடித்து, பிறகு இயக்கத்துக்கு வந்தார். ஆசிரியரானபின், தான் கற்றதை அப்படியே மாணவர் தலையில் கட்டவில்லை. பேசும்படக் காலத்துக்கு வேண்டிய பாடமாக அவர் முன்வைத்தது அன்றாடப் பேச்சையும் அதன் ஏற்ற இறக்கத்தையும் கூர்ந்து கேட்பதை.

அவரும் அவருடைய மனைவி தமாரா மக்காரோவாவும் சேர்ந்து நடத்திய பட்டறையில், இயக்கம் பயில வந்தவர் சக மாணவரின் குறுங்காட்சிகளில் நடித்தாக வேண்டும். நடிப்பு பயில வந்தவரோ காட்சி கட்டப்படும் விதத்தை அருகிலிருந்தே பார்க்கலாம். இதன் விளைவை இரு திசைகளில் காணலாம். நடிப்பு மாணவராகவே பயின்ற பந்தார்ச்சுக் ‘ஒரு மனிதனின் விதி’ (1959) படத்தை இயக்கி, தலைமைப் பாத்திரத்தையும் ஏற்றார். இயக்க மாணவியான முராட்டோவா தன் ‘குறுகிய சந்திப்புகள்’ (1967) படத்தின் நாயகி வாலென்தினாவாகத் தானே நடித்தார்.

அப்படத்தின் தொடக்கம் ஊன்றிப் பார்க்கத்தக்கது. நகர நிர்வாகத்தில் குடிநீர்ப் பொறுப்பு வகிக்கும் வாலென்தினா, வீட்டில் கழுவாத பாத்திரங்கள் கிடக்க, மறுநாள் சொற்பொழிவுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறாள். “தோழர்களே” என்ற விளியைத் தாண்ட முடியவில்லை. திரும்பத் திரும்பச் சொல்ல, அச்சொல் பொருளிழந்து வெறும் ஓசையாகிறது. கதையளவில் இங்கே எதுவும் நடக்கவில்லை. பேச்சைச் செவியால் சோதிக்கும் ஒரு வகுப்புப் பயிற்சி திரைக்கு வந்திருப்பதாகவே நான் இதை வாசிக்கிறேன். பந்தார்ச்சுக்கின் ‘போரும் அமைதியும்’ படத்தின் பெரும் போர்க்களங்களோடு இக்காட்சியை வைத்துப் பார்த்தால், ஒரே ஆசிரியரிடம் பயின்றவர்கள் என்று யாரும் ஊகிக்க மாட்டார்கள். பாணியைப் பிரதியெடுக்கச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருக்கு இது வாய்க்காது.

ஒரு மறுப்பைத் தட்டிக்கழிக்க இயலாது. கெராசிமோவ் அரசுக்கு நெருக்கமானவர்; அவருடைய வகுப்பறைக் கதவு நேரே படப்பிடிப்புத் தளத்துக்குத் திறந்தது. ஃபதேயெவின் நாவலைத் தழுவிய ‘இளம் காவலர்’ (1948) படத்தில் வ்கிக் மாணவர்களையே நடிக்கவைத்து, சம்பவங்கள் நிகழ்ந்த கிராஸ்னதோன் ஊரிலேயே படமாக்கினார். கட்சியின் பங்கை நாவல் போதிய அளவு காட்டவில்லை என்று ‘பிராவ்தா’ 1947இல் கண்டித்தது. அக்கண்டனத்தின் நிழல் படத்தின்மீதும் விழுந்தது. ஆகவே மாணவர் பெற்ற புகழில் ஒரு பங்கு ஆசிரியரின் செல்வாக்குக்கு உரியது. முறையை மட்டும் போற்றி இதை மறைப்பது ஆய்வாகாது.

எனினும் செல்வாக்கு வாய்ப்பைத்தான் வாங்கித் தரும், செவியைத் தராது. முராட்டோவாவுக்கு அந்த வாய்ப்புகூட நிலைக்கவில்லை. 1971இல் அவர் எடுத்த ‘நீண்ட விடைபெறல்கள்’ கிடப்பில் போடப்பட்டது. கெராசிமோவ் 1985இல் இறந்தார். மறு ஆண்டு கல்லூரிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவருடைய மாணவியின் அந்தப் படம் 1987இல்தான் திரைக்கு வந்தது.