பார்க்கின்சன் நோய்க்கான இயன்முறை மருத்துவ வரலாறு

இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் ஆறு நோயாளிகளைக் கொண்டு இந்நோயை விவரித்தார். பாரிசில் பணியாற்றிய சார்க்கோ, தொடர்வண்டியிலும் குதிரை வண்டியிலும் நெடுந்தூரம் சென்றபின் துன்பம் தணிவதாக நோயாளிகள் கூறியதைக் கேட்டு, அதிரும் நாற்காலியொன்றை உருவாக்கினார். 1892இல் அதுபற்றி விரிவுரையாற்றினார்.

1960களில் வந்த லெவோடோபா மருந்து உடல் விறைப்பைத் தளர்த்தியது. எனினும் நடக்கையில் கால்கள் தரையில் ஒட்டியதுபோல் நின்றுவிடுவதும், நிலை தடுமாறி விழுவதும் பலருக்கு நீடித்தன. இங்குதான் இயன்முறை மருத்துவம் இன்றியமையாததாயிற்று.

தரையில் குறுக்காக இட்ட கோடுகளைக் கண்டால் இந்நோயாளிகள் எளிதாக அடியெடுத்து வைப்பதை பிரித்தானிய நரம்பியலாளர் பர்டன் மார்ட்டின் 1960களில் விளக்கினார். நோயால் குன்றிய தன்னியக்க நடையை, கண்ணுக்குக் கோடும் காதுக்குத் தாளமும் தந்து கவனத்தால் ஈடுசெய்யும் இன்றைய பயிற்சி இவ்வழியில் வளர்ந்ததே. 2004இல் நெதர்லாந்து இயன்முறை மருத்துவர்கள் இதற்கான வழிகாட்டியை வெளியிட்டனர். இப்பயிற்சி நோயை நீக்குவதில்லை. நோயாளி பிறர் துணையின்றி நடமாடும் காலத்தை நீட்டிக்க முயல்கிறது.