வெளியும் வெளிச்சமும்: ஆமேர் முதல் பம்பாய் வரை

தமிழில் ‘வெளி’, ‘வெளிச்சம்’ ஆகிய இரு சொற்களும் ஒரே அடியிலிருந்து கிளைத்தவை. வடமொழியிலும் ‘ஆகாசம்’, ‘பிரகாசம்’ இரண்டும் ஒளிர்தலைக் குறிக்கும் ஒரே வினையடியிலிருந்து பிறந்தவையே. உறவற்ற இரு மொழிக்குடும்பங்கள் இடத்தையும் ஒளியையும் இவ்வாறு பக்கத்தில் வைத்துப் பேசுவது தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஒளியைக் கொண்டு இடத்தை விரித்துக்காட்டும் முயற்சி இந்தியக் கட்டடங்களில் நெடுங்காலமாக நடந்துவந்திருக்கிறது.

மிகப் பகட்டான சான்று ஜெய்ப்பூரை அடுத்த ஆமேர் கோட்டையின் ஷீஷ் மஹால். மிர்சா ராஜா ஜெய்சிங் (ஆட்சி 1621–1667) காலத்து ஜெய் மந்திரின் பகுதி அது. அரண்மனை அளவுகோலில் அது பெரிய கூடமன்று. கூரையில் பதிந்த கண்ணாடிச் சில்லுகள் சற்றே புடைத்தவை என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தட்டைச் சில்லு சுடரைக் குறிப்பிட்ட ஒரு கோணத்தில் நிற்பவருக்கு மட்டுமே காட்டும். புடைத்த சில்லோ அறையில் எங்கு நின்றாலும் சுடரின் சிற்றுருவைக் காட்டும். அவ்வுரு மிகச் சிறிதாதலால் கண் அதனைத் தொலைவிலுள்ள விண்மீனாகக் கொள்கிறது. கூரை இருந்த இடத்தில் வானம் விரிகிறது. ஒரே மெழுகுவத்தி போதும்.

எளிய வீடுகளில் இவ்வேலையைச் சுவர் மாடம் செய்தது. தமிழில் மாடக்குழி, இந்தியில் ஆலா, பாரசீக வழிச்சொல் தாக். அறையின் நடுவே தொங்கும் விளக்கு தன்னைச் சுற்றி மட்டும் வட்டமிட்டு மூலைகளை இருளில் விட்டுவிடும். எல்லை தெரியாத அறையைக் கண் சுருக்கியே அளக்கும். சுண்ணாம்பு பூசிய சுவரின் குழியில் வைத்த அகலோ சுவரையே ஒளிரச் செய்கிறது. புகைக்கரி படிவது அதற்கான விலை.

ஆனால் விளக்கின் தந்திரம் பகலிலேயே இருண்டிருக்கும் அறையில் எவ்வளவு தூரம் செல்லும்? இக்கேள்வி உயிர்ப்பிரச்சினையானது 1896இல் கொள்ளைநோய் பரவிய பம்பாயில். ‘சால்’ எனப்படும் வாடகைக் குடியிருப்புகளின் ஒற்றையறைகள் பல, காற்றும் கதிரும் புகாத உள்ளறைகள். நோயை இருளோடும் நெரிசலோடும் இணைத்து எண்ணிய அதிகாரிகள், வெயில் இறங்கட்டும் என்று கூரை ஓடுகளைப் பிரித்தனர். மனிதர் வாழத் தகாதவை என்று வீடுகளின் மேல் குறியிட்டனர். கொள்ளைநோயைப் பரப்புவது எலித்தெள்ளு என்று 1898இல் கராச்சியில் பால்-லூயி சிமோன் கண்டறிந்தார். ஓடு பிரித்தவர்களின் காரணம் பிழையானது. ஆயினும், காசநோயைப் பொறுத்தவரை கதிரொளியும் காற்றோட்டமும் உண்மையிலேயே பயன் தருபவை. பிழையான காரணத்திலிருந்து பயனுள்ள விதி பிறந்ததும் உண்டு.

1898இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளையின் தலைவர் ஜே. பி. ஓர், 1912இல் குடியிருப்புகளின் ஒளி, காற்று குறித்து உரை நிகழ்த்தினார். அவர் முன்னிறுத்திய அளவு 63½ பாகை. அறையின் வெளிச்சுவர் அடியிலிருந்து எதிர்க்கட்டடத்தின் உச்சிக்கு இழுக்கும் கோடு அதற்குமேல் செங்குத்தாகக் கூடாது. விந்தையான எண்ணாகத் தோன்றினும் கணக்கு எளிது: எதிரே 40 அடி உயரக் கட்டடம் நின்றால் இடையே 20 அடியேனும் திறந்தவெளி வேண்டும். 45 பாகை என்றால் 40 அடி விட நேரும். நிலம் பொன்னாக விற்ற நகரில் எந்த உரிமையாளர் அதற்கு இசைவார்? பாதி வானத்துக்கு மட்டுமே பேரம் படிந்தது என்று சொல்லலாம்.

இவ்விதி அறையின் நீள அகலத்தில் ஓர் அங்குலமும் கூட்டவில்லை; வாடகைக்காரரின் சதுர அடி அப்படியே இருந்தது. மாறியது சாளரத்துக்கு அப்பால் கண் செல்லும் தொலைவு. ஷீஷ் மஹால் பொய்யாகக் காட்டிய வானத்தை விதி மெய்யாகக் கேட்டது. தாதர், மாடுங்கா போன்ற புதிய பகுதிகளில் அறக்கட்டளை வகுத்த மனைகளில் கட்டடங்கள் ஒன்றையொன்று விலகி நிற்பதற்கு இவ்வகை விதிகளும் ஒரு காரணம். பழைய நகரின் ஒட்டிய சுவர்களுக்கு நடுவே ஏற்கெனவே எழுந்துவிட்ட உள்ளறைகளை அக்கோடு எட்டவில்லை. அங்கே நண்பகலிலும் மண்ணெண்ணெய் விளக்குதான்.