விவிலியத்தின் அடிமைச் சட்டங்கள்: விளக்க வரலாறு

எபிரேய விவிலியத்தில் அடிமைகளைப் பற்றிய விதிகள் முக்கியமாக யாத்திராகமம் 21, லேவியராகமம் 25, உபாகமம் 15, 23 ஆகிய அதிகாரங்களில் உள்ளன. யூத, கிறித்தவ உரையாளர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக இவற்றுக்குப் பொருள் கூறிவருகின்றனர்.

சட்டங்கள்
எபிரேய அடிமை ஆறு ஆண்டு உழைத்தால் ஏழாம் ஆண்டில் விடுதலை பெறுவான். அவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. எசமான் அடித்துக் கண்ணோ பல்லோ போனாலும் அடிமைக்கு விடுதலை உண்டு. ஆளைத் திருடி விற்றவனுக்கு மரண தண்டனை. தப்பி வந்த அடிமையைத் திருப்பி ஒப்படைக்கலாகாது. பாபிலோனின் அம்முராபி சட்டமோ அத்தகையவனை ஒளித்துவைத்தவனைக் கொல்லச் சொன்னது. ஆனால், வேற்றினத்து அடிமைகளைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுச்செல்ல லேவியராகமம் இடமளிக்கிறது. பின்வந்த விவாதங்கள் பெரும்பாலும் இந்த முரணிலிருந்தே கிளைத்தன.

யூத மரபு
எபிரேய அடிமைக்கு எசமானுக்கு இணையான உணவும் படுக்கையும் தர வேண்டும் என்றது யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூது. விடுதலை வேண்டாம் என்னும் அடிமையின் காதைக் குத்துவது ஏன் என்பதற்கு ரபி யோகனான் பென் சக்காய் விளக்கம் தந்தார்: இஸ்ரவேலர் கடவுளுக்கு மட்டுமே ஊழியர் என்று சீனாய் மலையில் கேட்டது அந்தக் காதுதான். வேற்றினத்து அடிமையைக் கடுமையாக வேலைவாங்கச் சட்டம் அனுமதித்தாலும், இரக்கம் காட்டுவதே அறமும் அறிவும் ஆகும் என்றார் யூத அறிஞர் மைமோனிடீஸ் (இறப்பு 1204).

கிறித்தவ மரபு
கடவுளின் சாயலான மனிதரை விலைக்கு வாங்க எவருக்கும் உரிமையில்லை என்று 4ஆம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரி முழங்கினார். ஆனால், அடிமைத்தனம் பாவத்தின் விளைவு என்ற அகஸ்தீனின் கருத்தே மேற்கில் நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றது. 1888இல் திருத்தந்தை 13ஆம் லியோ, பிரேசில் ஆயர்களுக்கு எழுதிய சுற்றுமடலில் அடிமைமுறையைக் கண்டித்தார்.

அமெரிக்க விவாதம்
ஆள்திருட்டுச் சட்டத்தைக் காட்டி 1700இல் பாஸ்டன் நீதிபதி சாமுவேல் சூவல் அடிமை வணிகத்தை எதிர்த்தார். தப்பியோடியவர்களைப் பிடித்துக் கொடுக்கச் சொன்ன 1850ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு எதிராக உபாகமம் 23ஐ அடிமைமுறை ஒழிப்பாளர்கள் முன்வைத்தனர். அடிமைமுறையின் ஆதரவாளர்கள் லேவியராகமத்தைப் பற்றிக்கொண்டனர். கானான் அடிமையாவான் என்று நோவா இட்ட சாபத்தை ஆப்பிரிக்கர்கள்மேல் ஏற்றினர். 1861இல் நியூயார்க் ரபி மாரிஸ் ரஃபால், வேதம் அடிமைமுறையை அனுமதிக்கிறது என்று உரையாற்றினார். தென்மாநிலங்கள் அடிமையை வெறும் பொருளாக நடத்துவதை மட்டும் குறைகூறினார். அவரை மறுத்தெழுதிய ரபி டேவிட் ஐன்ஹார்ன், கும்பலின் மிரட்டலால் பால்டிமோரை விட்டு வெளியேற நேர்ந்தது.

இக்கால நோக்கு
இச்சட்டங்கள் அன்று நிலவிய வழக்கத்துக்குக் கடிவாளம் இட்டவை என்பது பல உரையாளர்களின் கருத்து. அடிமையை எசமானின் பணம் என்று குறிக்கும் யாத்திராகமம் 21:21ஐ இந்த விளக்கம் மென்மையாக்கிவிடுகிறது என்பது மற்றவர்களின் மறுப்பு. மனித மாண்பை அளவுகோலாகக் கொண்டவர்கள் இவ்வசனங்களில் விடுதலைக்கு வழி கண்டனர். உடைமையை அளவுகோலாகக் கொண்டவர்கள் அடிமை விலங்குக்கு நியாயம் கண்டனர். எனவே, இவ்விளக்கங்களால் துன்புற்றவர்களின் வரலாறும் இன்றைய உரைகளில் இடம்பெற வேண்டும்.