திருவல்லிக்கேணிக் கரையும் நெடுவாசல் மண்ணும்

2017 ஜனவரி 23. சென்னை மெரினாவில், ஐஸ் ஹவுஸ் எதிரே, மணலில் ஒரு வாரம் அமர்ந்திருந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைக் காவல்துறை கலைத்தது. ஐந்தே நாளில், 28ஆம் தேதி, எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய்ப் படலம் தெற்கே மெரினா வரை வந்தது. எர்ணாவூரில் இளைஞர்கள் வாளியால் கறுப்புச் சேற்றை அள்ளினார்கள்.

பிப்ரவரி 15. மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்த, எண்ணெய், எரிவாயு எடுக்கும் ஹைட்ரோகார்பன் திட்டங்களில் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலும் இருந்தது. மெரினாவைப் போலவே, மறுநாளே ஊர் எதிர்த்துத் திரண்டது.

அந்த எதிர்ப்பின் வேர் பழையது. 1960களில் காரைக்காலில் தொடங்கிய துளையிடல், 1980களில் நரிமணத்தில் எண்ணெய் கண்டது. மன்னார்குடி மீத்தேன் திட்டம் வந்தபோது, நிலத்தடி நீரை வெளியேற்றினால்தான் வாயு கிடைக்கும் என்பதை ஊர் ஊராக விளக்கியவர் இயற்கை வேளாண் ஆர்வலர் நம்மாழ்வார். 2013 டிசம்பரில், அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே பட்டுக்கோட்டை அருகே உயிர்நீத்தார். காவிரி டெல்டாவின் விழிப்பில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

2020இல் தமிழகச் சட்டமன்றத்தில், டெல்டாவைக் காக்க, வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால் பழைய கிணறுகளை அது தொடவில்லை. ராமநாதபுரமும் வரம்புக்கு வெளியே நின்றது. அந்த மாவட்டத்துக் கடலில்தான் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகள் பல இருக்கின்றன: பவளப்பாறை, கடற்பசு, கடற்புல். 2025 மார்ச்சில் அதே மாவட்டத்து நிலத்தில் 20 ஹைட்ரோகார்பன் சோதனைக் கிணறுகளுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையமே அனுமதி தந்தது. எதிர்ப்பு வலுத்ததும், ஆகஸ்டில், அதைத் திரும்பப் பெறும்படி மாநில அரசு சொன்னது.

அசாமில் அப்படித் தடை வரவில்லை. திப்ரு-சைக்கோவா தேசியப் பூங்காவை ஒட்டிய பாக்ஜன் கிணறு 2020 மே மாதம் வெடித்தது. ஜூனில் பற்றிய தீ நவம்பரில்தான் அடங்கியது.